ஒரு நிமிடம் நிற்க

மேற்கு மாம்பலத்தில் குடியிருப்போருக்கு வேகம் என்பது கேள்விப்பட்ட பொருளே அன்றிக் கண்ட பொருளன்று. காலை எட்டு மணிக்கு ஆரிய கவுடா சாலையில் ஒரு காரை எடுத்துக்கொண்டு புறப்படுபவர், காய்கறித் தள்ளுவண்டி, பள்ளிப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வரும் ஆட்டோ, ரயிலைப் பிடிக்க ஓடும் அலுவலகக் கூட்டம், நடுச்சாலையில் அசைபோடும் மாடு ஆகிய அனைவரிடமும் அனுமதி பெற்றே நகரவேண்டும். அவர் துரைசாமி சுரங்கப்பாதையைக் கடந்து தியாகராய நகரை அடைவதற்குள், நடந்து போனவர் ரங்கநாதன் தெருவில் நான்கு கடைகள் ஏறி இறங்கியிருப்பார். இங்குள்ள லேக் வியூ சாலையின் பெயர்கூட, 1920களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகராக மாறிய பெரிய ஏரியைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. பழையதை விட்டுவிட அவசரப்படாத பகுதி இது.

இத்தகைய இடத்தில்தான் எங்கள் மகன் 150 குதிரைத்திறன் கொண்ட ஒரு காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

'எங்கள்' என்று சொல்வது கணவன் மனைவி ஆகிய எங்கள் இருவரையும். ஓய்வூதியத்தில் வாழும் நாங்கள் இருவரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம். ஏனெனில் சொல்லப்போகும் தவற்றில் எங்கள் இருவருக்கும் பங்குண்டு.

அவனுடைய முதல் கார் பாலியோ. இத்தாலிய நிறுவனமான பியட், 2001 இல் இந்தியாவில் அறிமுகப்படுத்திய சிறிய கார் அது. அதில் 1.6 லிட்டர் என்ஜின் பொருத்தப்பட்ட வகைக்கு ஏறத்தாழ 100 குதிரைத்திறன். அந்நாளில் அந்த அளவுள்ள கார்களுக்கு அது மிகப் பெரிய வலிமை. சின்ன உடலில் பெரிய என்ஜினை வைக்கும் இவ்வகைக் கார்களை 'ஹாட் ஹேட்ச்' என்பார்கள். 1976 இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கோல்ஃப் ஜி.டி.ஐ. காருக்குப் பிறகே இந்த வகை உலகெங்கும் புகழ்பெற்றது என்று மகன்தான் எங்களுக்குச் சொன்னான். வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுச் சேமிப்பில், 2005 இல் அந்தப் பாலியோவைப் பழைய காராக வாங்கினான்.

அந்தக் காரை நாங்கள் விரும்பினோம். அது ஒளிவு மறைவு அறியாதது. எண்பது கிலோமீட்டரைத் தாண்டினால் என்ஜினின் குரல் உயரும். நூறை நெருங்கினால் கதவுகளின் ஓரத்தில் காற்று சீறும். வேகமாகப் போகிறோம் என்பதை அது ஊருக்கே அறிவித்துவிடும். முன்னால் போகும் லாரியை முந்தவேண்டுமானால், மகன் கியரைக் குறைத்து, என்ஜினை அலறவிட்டு, எதிரே நெடுந்தூரம் வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்த பின்னரே வெளியே எடுப்பான். கார் தன் எல்லையைத் தானே சொன்னது. அவன் கேட்டு நடந்தான். அவன் நல்ல ஓட்டுநன் என்று நாங்கள் நம்பியதற்கு அதுவே காரணம். அந்த நிதானத்தில் பாதி அந்தக் காருடையது என்பதை அப்போது நாங்கள் உணரவில்லை.

2009 இல் பாலியோவை விற்றான். வங்கிக் கடனும் எங்கள் சேமிப்பில் ஒரு பகுதியும் சேர்த்து, ஆக்டேவியா ஆர்.எஸ். என்ற காரை, அதையும் பழையதாகவே, வாங்கினான். செக் நாட்டு நிறுவனமான ஸ்கோடா, அந்தப் பத்தாண்டின் நடுவில் இந்தியாவில் விற்ற கார். 1.8 லிட்டர் என்ஜின், அதனோடு டர்போ. "டர்போ என்றால் என்ன?" என்று கேட்டோம். மேசைமேல் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்புறத்தில் படம் போட்டு விளக்கினான்.

பெட்ரோல் எரிந்தபின் என்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறுகிறது. மற்றக் கார்களில் அது வீணே குழாய் வழியாகப் போய்விடும். டர்போவில், போகிற புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி என்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று மிகுந்தால் அதற்கேற்பப் பெட்ரோலையும் மிகுதியாக எரிக்கலாம், வலிமையும் மிகும். கொல்லன் உலைக்குத் துருத்தி செய்யும் வேலைதான். ஆனால் இந்தத் துருத்தியை ஊதுவது அந்த உலையின் புகையே. ஆல்ஃபிரட் பூகி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905 இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டாராம். வீணென்று கழித்ததிலிருந்து வலிமையை எடுத்த அந்த அறிவை நாங்கள் வியந்தோம்.

காரைப் பரிசோதித்துக் கொடுத்த மெக்கானிக், சாவியைத் தரும்போது இரண்டு செய்திகள் சொன்னார். முதலாவது: "மிதிச்ச உடனே வராது தம்பி. கொஞ்சம் யோசிக்கும். அப்புறம் வந்தா அடக்க முடியாது." புகை பெருகிச் சக்கரம் வேகம் பிடிக்கும்வரை ஒரு தாமதம் உண்டு, அதன்பின் வலிமை மொத்தமாக வந்து சேரும் என்பது அதன் பொருள். இரண்டாவது: "நல்லா ஓட்டிட்டு வந்து நிறுத்தினா உடனே ஆஃப் பண்ணாதீங்க. ஒரு நிமிஷம் சும்மா ஓடட்டும்." அந்தச் சிறு சக்கரம் நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது, செந்தணலாய்க் காய்வது. என்ஜினை நிறுத்தினால் அதற்கு வரும் எண்ணெயும் நின்றுபோகும். நின்ற எண்ணெய் அந்தச் சூட்டில் கருகி, நாளடைவில் அச்சையே கெடுத்துவிடும். ஆகவே ஆறுவதற்கு ஒரு நிமிடம் தரவேண்டும்.

இரண்டாவது அறிவுரையை மகன் வேதவாக்காகக் கொண்டான். இரவில் எங்கள் வாசலில் கார் வந்து நின்றபின், ஒரு நிமிடம் என்ஜின் மெல்ல முனகிக்கொண்டிருக்கும். மாடியில் இருப்பவர்கள் சன்னலைத் திறந்து பார்ப்பார்கள். எங்களுக்கு அது பிள்ளை வீடு வந்து சேர்ந்தான் என்னும் மணியோசை.

முதல் அறிவுரையைத்தான் அவனும் மறந்தான், நாங்களும் மறந்தோம்.

உண்மையைச் சொன்னால், அந்தக் காரில் எங்களுக்கும் பெருமை இருந்தது. இளமையில் நாங்கள் சோழவரத்துக்குக் கார்ப் பந்தயம் பார்க்கப் போனவர்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய அந்தப் பந்தயங்களில், வெயிலும் புழுதியும் பெட்ரோல் வாசனையும் கலந்த ஆரவாரத்தை மறக்க முடியாது. வேகம் இளைஞர்களின் நோய் என்று சொல்லிக்கொண்டே, அதை நாங்களும் உள்ளூர இரசித்தோம். புதிய காரில் உட்கார்ந்தால் நூறு கிலோமீட்டர் வேகமும் நாற்பதைப் போலவே இருந்தது. கதவு சீறவில்லை, என்ஜின் அலறவில்லை. "வேகமாகப் போகிறாயா?" என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது. பாலியோ சொல்லிக்கொண்டே இருந்த எச்சரிக்கையை இந்தக் கார் சொல்லவில்லை. அதை இனி ஓட்டுபவனும் உடன் இருப்பவர்களும்தான் சொல்லவேண்டும். நாங்களோ அதற்கு நேர்மாறானதைச் சொன்னோம்.

அந்த ஆண்டு இறுதியில் புதுச்சேரியில் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தம். வீட்டைவிட்டுப் புறப்படவே தாமதமாகிவிட்டது, தாமதித்தவர்கள் நாங்களே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்து உப்பளங்கள் கண்ணில் படத் தொடங்கிய இடம். முன்னால் ஒரு பேருந்து. மகன் அதன்பின் பொறுமையாகவே வந்துகொண்டிருந்தான். "இவ்வளவு பெரிய வண்டியை வாங்கிவைத்துக்கொண்டு பஸ் பின்னாடியே போகிறாயே?" என்றோம். எங்களில் ஒருவர் சொன்னார்; மற்றவர் சிரித்தார். ஆகவே இருவரும் சொன்னதாகவே கொள்ளவேண்டும்.

அவன் வெளியே எடுத்தான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். மெக்கானிக் சொன்னபடியே கார் சற்று யோசித்தது. எதிரே தொலைவில் ஒரு மோட்டார் சைக்கிள். அந்த நொடியிலேயே அவன் பின்வாங்கியிருக்கலாம். ஆனால் அப்போதுதான் வலிமை மொத்தமாக வந்தது, கார் பாய்ந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். எங்கள் மேற்கு மாம்பலத்துத் தெருவில் அது நான்கைந்து வீட்டு வாசல்கள். தொலைவில் இருந்த மோட்டார் சைக்கிள் முகம் தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஓட்டியவர் சாலையைவிட்டு மணலில் இறங்கிச் சரிந்தார். நாங்கள் பேருந்தைத் தாண்டி எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டோம்.

காரை ஓரமாக நிறுத்தி ஓடினோம். கணவன், மனைவி, நான்கு வயதிருக்கும் ஒரு சிறுவன். கடவுள் அருளால் ஒருவருக்கும் காயமில்லை. அந்தப் பெண் கொண்டுபோன கூடை கவிழ்ந்து மீன்கள் மணலில் சிதறிக் கிடந்தன. திட்டுவார்கள், அடிக்க வருவார்கள் என்று அஞ்சினோம். அவர் மூச்சு வாங்கியபடி, "பாத்து வரக்கூடாதா சார்?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் மண்டியிட்டு மீன்களைப் பொறுக்கினோம். மீனுக்கான பணத்தை நீட்டியபோது அந்தப் பெண் வாங்கவில்லை. "பணம் இருக்கட்டும்மா. புள்ள பயந்து கெடக்கு. அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

எங்கள் மகன் அந்தச் சிறுவனுக்கு முன் மணலில் உட்கார்ந்தான். என்ன சொன்னான் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. சிறுவன் கடைசிவரை அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது கார் ஒன்றும் அறியாததுபோல் முனகிக்கொண்டிருந்தது. அவசரத்தில் என்ஜினை நிறுத்தாமலே ஓடியிருந்தோம். மகன் உள்ளே அமர்ந்து சாவியைத் திருப்பினான். கடற்காற்று மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து அவன் சொன்னான்: "என்ஜின் ஆற தினமும் ஒரு நிமிஷம் நிக்கிறேன். அந்த மனுஷனுக்காக ஒரு நிமிஷம் பஸ் பின்னாடி நிக்கலையே."

எங்களைக் குறைசொல்லி அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. அது எங்களுக்கு வசதியாகவே இருந்தது. 'நாங்கள்தான் உன்னை அவசரப்படுத்தினோம்' என்று அவனிடம் சொல்ல எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. சொன்னபோது, "ஓட்டினவன் நான்தானேப்பா" என்றான். அவன் அப்படிச் சொன்னதால் எங்கள் பங்கு குறைந்துவிடவில்லை.

அடுத்த ஆண்டு, இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கிவரும் பந்தயத் தடத்தில், ஒரு குழுவினர் ஏற்பாடு செய்த பயிற்சி நாளுக்குப் போய்வந்தான். அங்கே எதிரே வருபவர் இல்லை, மீன்கூடை இல்லை, சிறுவன் இல்லை. "வேகமாகப் போவது சுலபம், எங்கே பிரேக்கை மிதிப்பது என்பதுதான் வித்தை என்கிறார்கள்" என்று வந்து சொன்னான். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் கார் நிற்பதற்கான தூரம் நான்கு மடங்காகிறது என்ற கணக்கையும் விளக்கினான். அதன்பின் சாலையில் அவன் ஓட்டும் முறை மாறியது. வேகத்துக்கு ஓர் இடம் உண்டு, அது பிறருடைய சாலையன்று என்பதை அவன் கண்டுகொண்டான்.

2022 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் பத்தில் ஏழு பேரின் சாவுக்கு மிகைவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது. 2023 நவம்பரில் சென்னைக் காவல்துறை, குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வரம்பு விதித்தது. செய்தித்தாளில் இவற்றைப் படிக்கும்போதெல்லாம், அந்த எண்ணிக்கையில் சேராமல் தப்பிய மூன்று பேரை நினைத்துக்கொள்கிறோம். அந்தச் சிறுவன் இப்போது இருபது வயது இளைஞனாயிருப்பான். அவனும் ஒரு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

ஆக்டேவியாவை மகன் சில ஆண்டுகளுக்குமுன் விற்றுவிட்டான். இப்போது வைத்திருப்பது இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் சாதாரணக் கார். அதில் டர்போ இல்லை. நிறுத்தியதும் என்ஜினை அணைத்துவிடலாம். ஆயினும் அவன் அணைப்பதில்லை. அலுவலகத்தின் சூட்டோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காக அந்த ஒரு நிமிடம் என்கிறான்.

எங்களுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. கோபத்தில் ஒரு சொல் நாவில் வந்து நிற்கும்போது, பிறரை அவசரப்படுத்த வாய் திறக்கும்போது, ஒரு நிமிடம் நிற்கப் பார்க்கிறோம். எல்லா நாளும் முடிகிறது என்று சொல்லமாட்டோம். இரவு ஒன்பது மணிக்கு வாசலில் அந்த முனகல் கேட்கும். நாங்கள் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம். அது அடங்கி, கதவு திறக்கும் ஓசை கேட்டபின்தான் எழுந்துபோய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைப்போம்.