சொல்லாத அளவுகோல்

வயலுக்கு வரம்பு கட்ட வருபவரிடம், வரம்பு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று காட்டிய பின்னரே நாம் மண்வெட்டியைக் கொடுக்கின்றோம். தையற்காரரும் அளவெடுத்த பின்னரே துணியில் கத்தரிக்கோலை வைக்கின்றார். கல்விக்கூடத்தில் மட்டும் இம்முறை பலவேளைகளில் தலைகீழாகி விடுகின்றது. மாணவன் எதனைச் செய்ய வேண்டும், எவ்வளவு செய்ய வேண்டும், எது நன்று எனக் கொள்ளப்படும் என்பன முதலிற் சொல்லப்படுவதில்லை. வேலை முடிந்த பின்னரே அளவுகோல் வெளியே வருகின்றது. இது சிறிய விடயமாகத் தோன்றலாம். எனக்கும் அவ்வாறே தோன்றியிருக்கும், அந்த அளவுகோலால் நானே அளக்கப்பட்டிராவிட்டால்; பின்னர் அதே அளவுகோலைக் கையில் மறைத்துக்கொண்டு பிறரை நான் அளந்திராவிட்டால்.

கலைப்பீடத்தில் முதலாம் வருடத்தில் எழுதிய முதல் ஒப்படையை இன்றும் வைத்திருக்கின்றேன். "சங்க அகப்பாடல்களில் இயற்கை பெறும் இடத்தினை ஆராய்க" என்பது வினா. 14 பக்கங்கள் எழுதினேன். ஐந்திணைகளையும் வரிசைப்படுத்தினேன், முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் ஆகியவற்றைப் பட்டியலிட்டேன், நூலகத்தில் எடுத்த பதிப்புகளிலிருந்து செய்யுட்களைப் பொறுக்கி இடையிடையே அமைத்தேன். இரண்டு இரவுகள் உறக்கமின்றி எழுதிய அக்கட்டுரை திரும்பி வந்தபோது முகப்பில் 38 என்ற எண்ணும், கடைசிப் பக்கத்தின் அடியிற் சிவப்பு மையில் "ஆராயவில்லை" என்ற ஒற்றைச் சொல்லும் இருந்தன.

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு பல நாட்கள் திரிந்தேன். ஆராய்தல் என்றால் யாது? நிறையத் தேடுதல் என்றே நான் எண்ணியிருந்தேன். நிறையத் தேடியும் இருந்தேன். "விபரிக்குக", "விளக்குக", "ஒப்பிடுக", "ஆராய்க", "மதிப்பிடுக" என்ற ஏவற் சொற்கள் வினாத்தாள்களில் அடுத்தடுத்து வருவதைக் கண்டிருக்கின்றேன். அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு தொழிலை வேண்டி நிற்பன என்பதை எவரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் எவரையும் கேட்டதில்லை. கேட்பது அறியாமையைக் காட்டிக்கொடுக்கும் என்ற அச்சம் முதலாம் வருட மாணவருக்கு உரியதோர் அச்சம்.

விடுதியில் என் அறைத்தோழி அதே வினாவுக்கு ஏழே பக்கங்கள் எழுதி 67 புள்ளிகள் பெற்றிருந்தாள். அவளது கட்டுரையை வாங்கி வாசித்தேன். அதிற் பட்டியல் எதுவும் இல்லை. "இயற்கை இப்பாடல்களில் வெறும் பின்னணியா, அன்றிப் பேசுபவரின் மனத்தைச் சொல்லும் கருவியா?" என்றொரு கேள்வியுடன் அது தொடங்கியது. மூன்று பாடல்களை மட்டும் எடுத்து, அவற்றை எதிரெதிரே நிறுத்தி, ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அம்முடிவு பொருந்தாத ஓர் இடத்தையும் தானே சுட்டியிருந்தாள்.

"இப்பிடித்தான் எழுத வேணும் எண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. அண்ணா கம்பசிலை படிக்கேக்கை எழுதின கட்டுரையள் வீட்டிலை கிடந்தது. சும்மா எடுத்து வாசிக்கிறனான்" என்றாள்.

அன்று எனக்கு ஒன்று விளங்கியது. அவள் திறமைசாலி; அதில் ஐயமில்லை. ஆயின் எங்கள் இருவருக்கும் இடையே இருந்த 29 புள்ளிகள் முழுவதும் திறமையின் வேறுபாடு அல்ல. அளவுகோலை அவள் தன் வீட்டிலேயே கண்டிருந்தாள். என் தந்தை இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விளைவிப்பவர். எங்கள் வீட்டில் விதைநெல்லின் தரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். பல்கலைக்கழகக் கட்டுரையொன்றின் தரத்தைச் சொல்ல அங்கு எவரும் இல்லை.

இலங்கையில் இலவசக் கல்வி 1945 இல் நடைமுறைக்கு வந்தது. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாக வழங்கப்படுகின்றன. விவசாயியின் மகள் கலைப்பீடத்திற்குள் நுழைவதற்கான கதவை இவையே திறந்தன. அந்நன்றியை நான் மறக்கவில்லை. எனினும் கதவு திறந்திருப்பது வேறு, வீட்டின் வழக்கங்கள் தெரிந்திருப்பது வேறு. எதிர்பார்ப்பைச் சொல்லாமல் விடுவது எல்லாருக்கும் சமமாக வைக்கப்படும் கடுமையான சோதனை என்று சிலர் கருதுகின்றனர். அது சமமான சோதனை அன்று. இருட்டறை எல்லாருக்கும் பொதுவாயினும், வீட்டிலிருந்து விளக்குக் கொண்டு வந்தவருக்கு அது இருட்டன்று.

உயர்தர வகுப்பில் இத்தகைய இருட்டு எனக்கு இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பரீட்சைத் திணைக்களம் புள்ளி வழங்கும் திட்டங்களை வெளியிடுகின்றது. எந்தக் குறிப்புக்கு எத்தனை புள்ளி என்பதை எங்கள் ரியூசன் ஆசிரியர் அவற்றிலிருந்து எடுத்துக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். நாங்கள் கொப்பியில் எழுதி மனனஞ் செய்வோம். எதிர்பார்ப்பு அங்கே தெளிவாகவே இருந்தது. ஆயின் அது விடையின் எதிர்பார்ப்பே அன்றிச் சிந்தனையின் எதிர்பார்ப்பு அன்று. குறிப்புகளை நிரப்பினாற் புள்ளி வரும் என்ற அந்தப் பழக்கமே என்னை 14 பக்கங்கள் எழுத வைத்தது. பழைய அளவுகோல் இங்கே செல்லாது என்பதை எவரேனும் முதல்நாளே சொல்லியிருந்தால் அதனை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருப்பேன்.

இவ்வளவும் என் மனக்குறை. இனிச் சொல்வது என் பிழை.

முதலாம் வருட விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, சனசமூக நிலையத்தில் தரம் 9 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்குமாறு கேட்டார்கள். பதினொரு பிள்ளைகள் வந்தனர். முதல் வாரத்தில் "எங்கள் குளம்" என்று கரும்பலகையில் எழுதி, "நல்ல கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டு வாருங்கோ" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. வந்த கட்டுரைகளிற் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் இருந்தன: குளம் அழகானது, குளத்தில் தாமரை உண்டு, குளத்தை நாம் பேணிப் பாதுகாக்க வேண்டும். மாரியில் வான்கதவுகள் திறக்கும்போது கேட்கும் இரைச்சலை ஒருவரும் எழுதவில்லை. தண்ணீர்ப் பங்கீட்டிற்காகத் தகப்பன்மார் கூட்டங்களுக்குச் சென்று வருவதையும் ஒருவரும் எழுதவில்லை. எனக்குச் சலிப்பு ஏற்பட்டது. பத்துக்கு நான்கும் ஐந்துமாகப் புள்ளியிட்டு, ஒவ்வொரு கொப்பியின் அடியிலும் "சொந்தமாக எழுதவில்லை" என்று சிவப்புப் பேனாவால் எழுதினேன்.

கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்த மாலையில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

"அக்கா, குளத்திலை நான் கண்டதை எழுதலாம் எண்டு நீங்கள் சொல்லேல்லையே. பள்ளிக்கூடத்திலை அப்பிடி எழுதினால் வெட்டிப் போடுவினம். நீங்கள் என்னத்தை விரும்புறீங்கள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் குறை கூறவில்லை; உண்மையாகவே கேட்டாள். என்னால் விடை சொல்ல முடியவில்லை. கையிலிருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தேன். "ஆராயவில்லை" என்ற சொல்லை எழுதிய பேனாவுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அடுத்த நாள் பத்துப் பிள்ளைகளே வந்தனர். பத்துக்கு மூன்று பெற்ற சிறுவன் வரவில்லை. வீட்டிற்குப் போய்க் கேட்டபோது, "எனக்கு எழுத வராதாம், அக்காவே எழுதிப் போட்டா" என்றான். எதிர்பார்ப்பைச் சொல்லாமல் இடப்படும் புள்ளியை, பிள்ளை தன் வேலைக்கு இடப்பட்ட புள்ளியாகக் கொள்வதில்லை. தனக்கே இடப்பட்டதாகக் கொண்டுவிடுகின்றது. அவனை மீண்டும் வகுப்புக்கு அழைத்து வர எனக்கு இரண்டு வாரங்கள் சென்றன.

தமிழ் மரபுக்கு இவ்விடயம் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இலக்கணத்திற்குள் நுழைவதற்கு முன்னரே ஆசிரியரின் இயல்பு, பாடஞ் சொல்லும் முறை, மாணாக்கரின் இயல்பு, பாடங் கேட்கும் முறை என்பவற்றைப் பேசுகின்றது. சிறப்புப்பாயிரம் எட்டுச் செய்திகளை உரைக்க வேண்டும் என்றும் விதிக்கின்றது. நூல் எதனைப் பற்றியது, யாருக்கு உரியது, கற்பதனால் வரும் பயன் யாது என்பன அவற்றுட் சில. எத்துணை விரிந்ததாயினும் பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது அதன் துணிபு. முதலாம் வருடத்தில் இவ்வெட்டினையும் மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிப் புள்ளி பெற்றவள் நான். ஒரு பாடத்திற்கும் ஓர் ஒப்படைக்கும்கூடப் பாயிரம் வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அண்மைக்காலக் கல்வியியலும் இதனையே வேறு மொழியிற் சொல்கின்றது. அவுஸ்திரேலியக் கல்வியியலாளர் றொய்ஸ் சட்லர் 1989 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், கற்பவர் முன்னேறுவதற்கு மூன்று வேண்டும் என்றார்: எட்ட வேண்டிய தரத்தை அறிதல், தம் வேலையை அத்தரத்தோடு ஒப்பிடுதல், இடைவெளியைக் குறைக்க ஏதேனும் செய்தல். முதலாவது இல்லையேல் மற்ற இரண்டும் நிகழா. எனது ஒப்படையிலும் அந்தப் பிள்ளைகளின் கொப்பிகளிலும் இல்லாதிருந்தது அந்த முதலாவதே.

மூன்றாம் வாரத்தில் வேறு வழியை முயன்றேன். குளத்தைப் பற்றி நானே இரண்டு பந்திகளை எழுதிச் சென்றேன். ஒன்று பொதுவானது, மற்றையது ஒரு குறித்த காலைப்பொழுதைச் சொல்வது. எது நன்று என்று நான் கூறவில்லை. "இரண்டிலை எதை வாசிக்கேக்கை குளம் கண்ணுக்குத் தெரியுது? ஏன்?" என்று கேட்டேன். பிள்ளைகள் வாதிட்டனர். அவர்கள் கூறிய காரணங்களையே மூன்று வரிகளாகக் கரும்பலகையில் எழுதினேன்: நான் கண்ட ஒன்றையாவது சொல்ல வேண்டும், அது எப்போது, எங்கே நிகழ்ந்தது என்பது தெரிய வேண்டும், ஏன் அதனைச் சொல்கின்றேன் என்பது முடிவில் விளங்க வேண்டும். புள்ளியும் இம்மூன்றுக்கே என்றேன். வரமறுத்த அந்தச் சிறுவன், வலை இழுக்கச் சென்ற மாமனுடன் வள்ளத்தில் இருந்த ஒரு விடியற்காலையை எழுதியிருந்தான். எழுத்துப்பிழைகள் மலிந்த அந்த ஒன்றரைப் பக்கத்தைப் போன்று எதனையும் என்னால் எழுத முடியாது.

இத்துடன் நிறுத்தினால் நான் உண்மையின் பாதியை மட்டும் சொன்னவளாவேன். அடுத்த கட்டுரையில் நான்கு பிள்ளைகள் அம்மூன்று வரிகளையும் சூத்திரமாக்கிவிட்டனர். முதற்பந்தியில் ஒரு காட்சி, இரண்டாம் பந்தியில் நேரமும் இடமும், மூன்றாம் பந்தியில் ஒரு காரணம். ரியூசன் கரும்பலகை என் கரும்பலகையில் மீண்டும் தோன்றியது. தெளிவு அளவுக்கு மிஞ்சினால் அதுவே ஒரு வேலியாகிவிடும் என்று அஞ்சுவோரின் அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயின் அதற்குப் பரிகாரம் மீண்டும் மௌனமாதல் அன்று. தரம் இன்னது என்று சொல்லலாம். விடை இன்னது என்று சொல்ல வேண்டியதில்லை. வரம்பு எங்கே என்று காட்டுவது வேறு, வயலில் எதனை விதைப்பது என்று கட்டளையிடுவது வேறு. அடுத்த வாரம் பிள்ளைகளையே தத்தம் கட்டுரைக்கு ஒரு புதிய எதிர்பார்ப்பைச் சேர்க்கச் சொன்னேன். சூத்திரம் சிறிது தளர்ந்தது.

விடுமுறை முடிந்து திரும்பியதும், பழைய ஒப்படையை எடுத்துக்கொண்டு அந்த விரிவுரையாளரின் அறைக்குச் சென்றேன். "சேர், ஆராய்தல் என்றால் நீங்கள் எதனை எதிர்பார்க்கின்றீர்கள்?" என்று கேட்பதற்கு எனக்கு ஒரு வருடம் தேவைப்பட்டிருந்தது. அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். "எங்களுக்கும் ஒருவரும் சொல்லித் தரவில்லை, பிள்ளை. நாங்களாகத்தான் கண்டுபிடித்தோம்" என்றார். பின்னர் என் கட்டுரையின் நான்காம் பக்கத்தைப் புரட்டி, ஒரு வாக்கியத்தின் கீழ்க் கோடிட்டு, "இது ஒரு கேள்வியின் தொடக்கம். இதனை நீர் தொடரவில்லை; அடுத்த பட்டியலுக்குப் போய்விட்டீர்" என்றார். பத்து நிமிடங்கள்கூடச் செல்லவில்லை. அந்தப் பத்து நிமிடங்களே எனக்கு ஆராய்தலைக் கற்பித்தன. அடுத்த தவணையில் அவர் ஒப்படை வழங்கியபோது, முன்னைய வருடத்துக் கட்டுரைகள் இரண்டினை, எழுதியவர் பெயரை நீக்கிவிட்டு, வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

இன்று எங்கள் பாடநெறிக் குறிப்புகளின் முதற்பக்கத்தில் "கற்றற் பேறுகள்" என்ற தலைப்பின் கீழ்ச் சில வரிகள் அச்சிடப்பட்டுள்ளன. நல்லதே. ஆயின் அச்சிடுதல் வேறு, உணர்த்துதல் வேறு. "இக்கற்கைநெறியின் முடிவில் மாணவர் ஆராயும் திறனைப் பெறுவர்" என்ற வரியை வாசித்து, ஆராய்தல் யாது என்று அறிந்துகொண்ட முதலாம் வருட மாணவர் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒரு மாதிரியைக் காட்டி, அதைப் பற்றி மாணவரைப் பேசவைத்து, ஐயம் கேட்பதற்கு அச்சமற்ற ஓரிடத்தைக் கொடுக்கும்போதே எதிர்பார்ப்பு மாணவரைச் சென்றடைகின்றது.

நம்முட் பலர் நாளை ஆசிரியராகப் போகின்றோம். நம் கையிலும் சிவப்புப் பேனா இருக்கும். ஒரு விடைத்தாளின் அடியில் "போதாது" என்று எழுத முனையும்போது, எது போதும் என்பதை முன்னரே சொன்னோமா என்று ஒரு கணம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. சொல்லவில்லையாயின், அந்தப் புள்ளியிற் பாதி நமக்கு நாமே இட்டுக்கொண்ட புள்ளி.