சுறாவும் சிறு படகும்

மதுரை மாநகரம் கடலுக்குத் தொலைவில் அமைந்தது. ஆயினும், அதனை ஆண்ட பாண்டியரின் கொடியில் விளங்கியது மீன். அவர்தம் கருவூலத்தை நிறைத்தது கொற்கைக் கடலின் முத்து. மதுரையை வளம்படுத்தும் வைகையும் கடலை நாடிச் செல்லும் ஆறே. வருசநாட்டு மலையில் தோன்றி, மதுரை வழியே ஓடி, கண்மாய்கள் பலவற்றை நிரப்பி, இராமநாதபுரம் பெரிய கண்மாயை அடைந்து, வெள்ளக் காலத்தில் எஞ்சிய நீரை ஆற்றங்கரை என்னும் ஊரின் அருகே பாக் விரிகுடாவில் சேர்ப்பது அதன் இயல்பு. ஆகவே, மருதநிலத்து மதுரைக்கும் நெய்தல்நிலத்துக் கடலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது.

இக்காலத்தில் அவ்வுறவு புதியதொரு வகையில் வளர்ந்துள்ளது. இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கு அண்மையில் காரங்காடு என்னும் கடலோரச் சிற்றூர் இருக்கிறது. அங்கே உப்பங்கழியின் கரைகளில் அலையாத்திக் காடு அடர்ந்து நிற்கிறது. வனத்துறையினரும் ஊர்மக்களும் இணைந்து, காண வருவோரைப் படகில் அழைத்துச் செல்கின்றனர். ஒருவரோ இருவரோ அமர்ந்து துடுப்பு வலிக்கும் கயாக் என்னும் சிறு படகும் அங்கு உண்டு. வடதுருவப் பனிநாட்டு மக்கள் சட்டத்தின்மேல் சீல் விலங்கின் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகே அதன் முன்னோடி. அதில் அமர்வோர் ஏறக்குறைய நீர்மட்டத்திலேயே அமர்வர். கையை நீட்டினால் நீர். உடலுக்குக் கீழே மெல்லியதோர் அடித்தட்டு. கண்மாயையும் கிணற்றையுமே கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்போது ஓர் ஐயம் எழுவது இயற்கை. “இது கடலோடு கலக்கும் நீராயிற்றே! சுறா வந்துவிட்டால் என் செய்வது?” என்பதே அவ்வையம்.

இவ்வச்சம் புதியதன்று, முத்துக் குளித்தோருக்கும் அது இருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்டு எழுதிய மார்க்கோ போலோ, இதுபற்றிச் சுவையான செய்தி ஒன்றைத் தருகிறார். குளிப்போருக்குத் தீங்கு செய்யும் பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோர் அந்நாளில் இருந்தனர். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாகும். அம்மந்திரம் பகலுக்கு மட்டுமே உரியது. இரவில் அதனை அவிழ்த்துவிடுவர். பிற்காலத்தில் இத்தொழிலினர் கடல்கட்டி எனப் பெயர் பெற்றனர். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலும் முத்துக்குளிப்பில் அவர்களுக்கு இடம் இருந்தது. மந்திரம் சுறாவின் வாயைக் கட்டியதோ இல்லையோ, குளிப்போர் மனத்தின் நடுக்கத்தைக் கட்டியது. நடுங்கும் நெஞ்சோடு மூச்சடக்க இயலாது. மூச்சடக்காமல் முத்தெடுக்க இயலாது அன்றோ?

அன்று மந்திரம் செய்த பணியை இன்று அறிவு செய்கிறது. உலகில் 500-க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை உவர்நீருக்கே ஏற்ற உடலமைப்பு உடையவை. நன்னீரில் நெடுநேரம் வாழமாட்டா. காளைச் சுறா என்னும் இனம் உடலின் உப்பைக் காக்கும் ஆற்றல் பெற்று, ஆறுகளில் நெடுந்தொலைவு செல்கிறது. அமேசான் ஆற்றில், கடலிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் அது காணப்பட்டதுண்டு. ஆற்றில் வாழும் கங்கைச் சுறாவோ இன்று காண்பதற்கே அரிதாகிவிட்டது. ஆதலால், ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் சுறா வரவே வராது என்று கூறுதல் பொருந்தாது. வரும் சுறாவெல்லாம் மனிதரை நாடி வரும் என்று அஞ்சுதலும் பொருந்தாது. உலகம் முழுவதிலும், மனிதர் சீண்டாமலே சுறா கடித்த நிகழ்ச்சிகள் பொதுவாக ஆண்டுக்கு நூற்றினும் குறைவு. அவற்றால் இறப்போர் பெரும்பாலான ஆண்டுகளில் பதின்மரினும் குறைவு.

உண்மையில், சுறா மனிதரைத் தின்பதினும் மனிதர் சுறாவைத் தின்பதே மிகுதி. மகப்பேறுற்ற தாய்க்குப் பால் சுரக்கும் என்று சுறாப்புட்டு ஆக்கிக் கொடுப்பது தமிழர் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். துடுப்புக்காகவும் இறைச்சிக்காகவும் உலகெங்கும் சுறாக்கள் அளவின்றிப் பிடிக்கப்படுகின்றன. சுறா, திருக்கை முதலியவற்றின் இனங்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் நிலையில் உள்ளன என்று 2021-ஆம் ஆண்டில் அறிஞர் கண்டறிந்தனர். திமிங்கலச் சுறா, கங்கைச் சுறா, வேளா மீன் ஆகியவற்றைப் பிடிப்பதை இந்திய அரசு 2001-ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுத்துள்ளது. அஞ்சத்தக்கதாக எண்ணப்பட்ட உயிரே மனிதருக்கு அஞ்சி வாழும் நிலை வந்துள்ளது.

அவ்வாறாயின், சிறு படகில் செல்வோர் எதற்கும் அஞ்ச வேண்டுவதில்லையா? வேண்டும். நீருக்கு அஞ்ச வேண்டும். 2021-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலும் கண்மாயிலும் கிணற்றிலும் பள்ளிப் பிள்ளைகள் மூழ்கி மாண்ட செய்தி, விடுமுறைக் காலத்தில் பெற்றோர் நெஞ்சைப் பிளக்கிறது. அங்கே சுறா இல்லை. நீந்தத் தெரியாமையும் ஆழம் அறியாமையுமே உண்டு. காணாத சுறாவுக்கு நடுங்குவோர், கண்முன் உள்ள கண்மாயில் சிறிதும் எண்ணாமல் இறங்கிவிடுகின்றனர்.

கடலோடிகளின் வழக்கம் இதற்கு மாறானது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றின் திசைக்கெல்லாம் பெயரிட்டு, அதன் போக்கையும் நீரின் ஏற்ற வற்றத்தையும் பார்த்த பின்னரே அவர்கள் படகை இறக்குவர். சிறு படகில் செல்லும் மாணவரும் அவ்வழியையே பின்பற்றுதல் வேண்டும். முதலில் பெரியோர் துணையுடன் நீந்தக் கற்றல் வேண்டும். படகில் ஏறுமுன் மிதவைச் சட்டையை இறுகக் கட்டுதல் வேண்டும். வழியறிந்த உள்ளூராருடன் செல்லுதலும், காற்று மிகும்போது கரை திரும்புதலும் வேண்டும். மீன் கழிவு கொட்டும் இடத்தையும் அந்தி மயங்கும் நேரத்தையும் தவிர்த்தல் நலம். இவற்றைச் செய்து துடுப்பெடுத்தோர், அலையாத்தி வேர்களிடையே மீன்குஞ்சு துள்ளுவதையும், கொக்கும் நாரையும் இரை தேடுவதையும் அமைதியாகக் கண்டு மகிழலாம்.