நீங்க போயிட்டா யாரு தம்பி பார்ப்பாங்க?

கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி. வழக்கமான ஆணி இல்லை, நானே போய் வாங்கிக்கிட்ட ஆணி.

எங்க ஆபீஸ் கோயம்புத்தூர்ல இருக்கு. மொத்தம் அறுபது பேர். நான் பார்க்கறது பொட்டி தட்டற வேலை. நெட்வொர்க்குக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம், நெட் வரலைன்னா முதல் ஆளா கத்தறதுதான். அப்படிப்பட்டவன்கிட்ட ஃபயர்வால் மேட்டர் எப்படி வந்துச்சு? எல்லாம் வாயாலதான்.

ஆபீஸ்ல இருந்த ஃபயர்வால் பொட்டிக்கு மூணு வருஷ லைசென்ஸ் முடியப்போகுது. புதுப்பிக்க வந்த கொட்டேஷனைப் பார்த்துட்டு எம்.டி. சார், "இந்த டப்பாவுக்கு இவ்வளவா?"ன்னு மீட்டிங்ல கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "சார், ஓப்பன் சோர்ஸ்ல இதெல்லாம் ஃப்ரீயாவே இருக்கு சார்"னு சொன்னேன். "அப்படியா? சரி, நீயே ஒரு மாசம் ஓட்டிப் பார்த்து ரிப்போர்ட் குடுப்பா"ன்னுட்டார்.

மூலையில எங்க சிஸ்டம் அட்மின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பன்னெண்டு வருஷமா இங்கேதான் இருக்கார். ஒண்ணுமே சொல்லலை. வெளிய வந்ததும், "தம்பி, நல்லா ஓடுச்சுன்னா சந்தோஷங்க. ஓடலைன்னா என் தலை. அதை மட்டும் மனசுல வச்சுக்கங்க"ன்னார். இப்ப இருக்கற பொட்டி படுத்தா விற்ற கம்பெனிக்கு போன் போட்டு, "கால் லாக் பண்ணியாச்சு சார்"னு அவர் சொல்லிக்கலாம். ஓப்பன் சோர்ஸ் படுத்தா யாருக்குப் போன் போடறது?

எனக்கு அப்ப அது பெருசாத் தெரியலை. ஆர்வக்கோளாறுல ராத்திரி எல்லாம் உட்கார்ந்து படிச்சேன். இந்தக் குடும்பத்தோட கதையே சுவாரசியமானது. 2003-ல ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த மானுவல் காஸ்பர் மோனோவால்னு ஒண்ணை ஆரம்பிச்சார். ஃப்ரீபிஎஸ்டி மேல ஓடற சின்ன ஃபயர்வால். மொத்த செட்டிங்கும் ஒரே ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலுக்குள்ள அடங்கிடும். அதுல இருந்து 2004-ல பிஎஃப்சென்ஸ் பிரிஞ்சுது. அதுல இருந்து 2015 ஜனவரில ஓபிஎன்சென்ஸ் பிரிஞ்சுது. அடுத்த மாசமே, சரியா பன்னெண்டு வருஷம் முடிஞ்ச நாள்ல, காஸ்பர் மோனோவாலை நிறுத்திட்டார். நிறுத்தினதோட, தன் பயனர்களை ஓபிஎன்சென்ஸைப் பார்க்கச் சொல்லிட்டும் போனார்.

பங்காளிச் சண்டையும் உண்டு. 2021 பிப்ரவரில பிஎஃப்சென்ஸ் 2.5.0-ல வயர்கார்டுங்கற விபிஎன்னை கெர்னலுக்குள்ளயே வச்சுக் குடுத்தாங்க. அந்தக் கோட் சரியில்லைன்னு வயர்கார்டை உருவாக்கினவரே பொதுவுல சொல்ல, பெரிய ரகளை ஆச்சு. ஃப்ரீபிஎஸ்டி 13.0 வெளியாகறதுக்கு முன்னாடியே அதைத் தூக்கிட்டாங்க. ஏப்ரல்ல வந்த பிஎஃப்சென்ஸ் 2.5.1-லயும் எடுத்தாச்சு. நடுவுல அதை நம்பி ஆபீஸ் விபிஎன் கட்டினவன் கதியை யோசிச்சுப் பாருங்க. அதே சமயம், தப்பு நடந்தது எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுது. மூடின பொட்டிக்குள்ள இதே மாதிரி நடந்தா நமக்குத் தெரியவே தெரியாது.

ரெண்டையும் போட்டுப் பார்த்துட்டு ஓபிஎன்சென்ஸ் எடுத்தேன். முக்கியமான காரணம், வருஷத்துக்கு ரெண்டு பெரிய வெளியீடு, ஜனவரில ஒண்ணு, ஜூலைல ஒண்ணு. எப்ப அப்டேட் வரும்னு காலண்டர்ல குறிச்சு வச்சுக்கலாம். பிஎஃப்சென்ஸோட இலவசப் பதிப்புல 2.7.2 வந்தது 2023 டிசம்பர், அடுத்த 2.8.0 வந்தது 2025 மே. நடுவுல ஒட்டுப் போடற பேட்ச் வரும்தான். ஆனா பிசினஸுக்குன்னு பார்க்கறப்ப எனக்கு இந்த இடைவெளி உறுத்துச்சு.

ஸ்டோர் ரூம்ல தூங்கிட்டிருந்த பழைய ஐ5 மெஷினை எழுப்பினேன். அதுல இருந்த ரியல்டெக் நெட்வொர்க் சிப் ஃப்ரீபிஎஸ்டியோட மல்லுக்கட்டுச்சு. இது ஊரறிஞ்ச பிரச்சினைதான். இன்டெல் கார்டு ஒண்ணு வாங்கிப் போட்டதும் அடங்கிடுச்சு. ரூல் எழுதறது, விபிஎன், சுரிகாட்டா போட்டு ஊடுருவலைப் பிடிக்கறது எல்லாம் ஒரே வாரத்துல முடிஞ்சுது. பணம் குடுத்து வாங்கின பொட்டியை விடக் குறைஞ்சது ஒரே இடத்துலதான், எந்த வெப்சைட் எந்த வகைன்னு பிரிச்சுத் தடுக்கற விஷயம். அந்தப் பட்டியலைத் தினமும் பராமரிக்கறது பெரிய வேலை. சும்மா கிடைக்கற பட்டியல் அதுக்கு ஈடாகலை.

அடுத்தது ரெண்டு லைன் மேட்டர். எங்களுக்கு ரெண்டு இன்டர்நெட் லைன். ஒண்ணு போனா இன்னொண்ணுக்கு தானா மாறணும். செட் பண்ணிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். ஃபயர்வாலுக்கும் முதல் லைன் மோடத்துக்கும் நடுவுல இருந்த கேபிளைப் பிடுங்கினேன். சில நொடியில நெட் ரெண்டாவது லைனுக்குத் தாவிடுச்சு. "எப்படிண்ணா?"ன்னு ஒரு பார்வை பார்த்தேன்.

அண்ணன் ஒண்ணும் பேசலை. கேபிளைத் திரும்பச் சொருகினார். ஒரு நிமிஷம் விட்டு, மோடத்துக்குப் பின்னாடி கையை விட்டு, வெளிய இருந்து வர்ற ஃபைபர் ஒயரை உருவினார்.

நெட் செத்துப் போச்சு. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், தாவவே இல்லை. என் திரையில மட்டும் ரெண்டு லைனும் பச்சையா சிரிச்சுட்டு இருந்துச்சு!

"தம்பி, ஆபீஸுக்குள்ள கேபிள் என்னைக்குங்க கழண்டிருக்கு? ரோட்டுல குழி தோண்டறப்பதானே லைன் போகும்?"

விஷயம் இதுதான். லைன் உயிரோட இருக்கான்னு ஃபயர்வால் பிங் பண்ணிப் பார்க்கும். எந்த முகவரியைன்னு நாம சொல்லணும். நான் அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருந்தேன். காலியா விட்டா பக்கத்துல இருக்கற மோடத்தையே கேட்கும். மோடத்துக்கு கரன்ட் இருக்கற வரைக்கும் "நான் நல்லா இருக்கேன்"னுதான் பதில் வரும், வெளிய உலகமே அழிஞ்சாலும். ஒரு லைனுக்கு 8.8.8.8, இன்னொண்ணுக்கு 1.1.1.1-னு வெளி முகவரியைக் குடுத்தப்புறம்தான் சரியாச்சு. ஒரு வாரம் டாக்குமென்ட் படிச்ச எனக்கு வராத சந்தேகம், பன்னெண்டு வருஷம் லைன்மேனோட மல்லுக்கட்டின அண்ணனுக்கு வந்துச்சு. அன்னைல இருந்துதான் அவரைக் கூட உட்கார வச்சுக்கிட்டு வேலை பார்க்க ஆரம்பிச்சேன். முதல் நாளே செஞ்சிருக்கணும்.

லாக் விஷயம் அடுத்தது. செர்ட்-இன் 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி கம்பெனிகள் லாக்கை 180 நாள் வச்சிருக்கணும், சைபர் தாக்குதல் மாதிரி ஏதாவது நடந்தா ஆறு மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குச் சொல்லணும். ஃபயர்வாலை அது போக்குல விட்டா பழைய லாக்கை அழிச்சுட்டே போகும், 180 நாளெல்லாம் நிக்காது. அதனால எல்லா லாக்கையும் இன்னொரு மெஷினுக்கு அனுப்பி அங்க சேர்த்து வச்சோம். ஃப்ரீ சாஃப்ட்வேருக்கு ரெண்டாவது மெஷின் செலவு. இப்படித்தான் ஃப்ரீங்கற வார்த்தை கொஞ்சம் கொஞ்சமா கரையும்.

மூணாவது வாரம். டீக்கடையில நிக்கறோம். அண்ணன் க்ளாஸை வச்சுட்டு ரொம்ப சாதாரணமா கேட்டார். "எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. நீங்க போயிட்டா யாரு தம்பி பார்ப்பாங்க?"

எனக்கு டீ தொண்டையில நின்னுடுச்சு. ஏன்னா என் மெயில்ல ரெண்டு நாளா ஒரு பெங்களூர் கம்பெனி ஆஃபர் லெட்டர் கிடக்குது. யார்கிட்டயும் சொல்லலை. அவருக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை, பொதுவாத்தான் கேட்டார். "நான் எங்கண்ணா போகப் போறேன்"னு சிரிச்சு மழுப்பினேன். அதைச் சொன்னது இன்னைக்கு வரைக்கும் உறுத்துது.

அன்னைக்கு ராத்திரி எழுதி வச்சிருந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். வேகம், வசதி, மிச்சமாகிற காசுன்னு பதினாலு பக்கம். அண்ணன் கேள்விக்கு அதுல ஒரு வரி பதில் இல்லை. காஸ்பர் நிறுத்தினப்ப கோட் வெளிய கிடந்துச்சு, எடுத்து நடத்த ஆள் இருந்தாங்க. நான் போனா இங்க என்ன கிடக்கும்? என் மண்டைக்குள்ள இருக்கறது என்னோடயே பெங்களூர் பஸ் ஏறிடும்.

ரிப்போர்ட்டை ரெண்டு பக்கமா சுருக்கினேன். போடலாம், ஆனா நாலு நிபந்தனை. ஒண்ணு, மிச்சமாகிற காசுல ஒரு பங்கை எடுத்து வருஷ சப்போர்ட் வாங்கணும், ராத்திரி போன் போட ஒரு நம்பர் வேணும். ரெண்டு, அதே மாதிரி இன்னொரு மெஷின் ரெடியா ஷெல்ஃப்ல இருக்கணும். மூணு, அண்ணனும் இன்னொரு பையனும், ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும். நாலு, எழுதி வச்ச குறிப்பை மட்டும் பார்த்து, நான் இல்லாம, அண்ணன் தனியா எல்லாத்தையும் திரும்ப நிறுத்திக் காட்டணும்.

நாலாவதை ஒரு சனிக்கிழமை செஞ்சோம். நானே ஃபயர்வால் மெஷினை ஆஃப் பண்ணிட்டு, போனை அண்ணன்கிட்டயே குடுத்துட்டு கேன்டீன்ல போய் உட்கார்ந்தேன். முதல் தடவை ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, குறிப்புல நான் விட்டிருந்த ரெண்டு ஸ்டெப்பால. சேர்த்து எழுதி அடுத்த சனிக்கிழமை திரும்பப் பண்ணோம். ஷெல்ஃப்ல இருந்த மெஷின், பேக்கப் எடுத்து வச்ச அந்த ஒரே ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல், இருபத்தஞ்சு நிமிஷம். அண்ணன் கேன்டீனுக்கு வந்து, "நெட் வந்துடுச்சுங்க தம்பி, நீங்க டீயைக் குடிங்க"ன்னார்.

அங்கேயே ஆஃபர் பத்திச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்"னார். ஆமாண்ணா, சொல்லியிருக்கலாம்.

எம்.டி. சார் ரிப்போர்ட்டைப் படிச்சுட்டு, "ஃப்ரீன்னு சொன்னியேப்பா?"ன்னு கேட்டார். "சாஃப்ட்வேர் ஃப்ரீ சார். பார்த்துக்கற ஆள் ஃப்ரீ இல்லை"ன்னேன். நான் கேட்ட நாலையும் ஒத்துக்கிட்டார். அண்ணனுக்குச் சம்பளத்துல ஏதாவது சேர்ப்பாரான்னு தெரியலை. அதையும் அஞ்சாவது நிபந்தனையா எழுதியிருக்கணும்.

டிஸ்கி: உங்க ஆபீஸ்லயும் ரெண்டு லைன் இருந்தா, நாளைக்கு ஒரு தடவை மோடத்துக்குப் பின்னாடி இருக்கற ஃபைபரை உருவிப் பாருங்க. அட்மினைப் பக்கத்துல வச்சுக்கிட்டு!