ஆறு மணி நேரப் பயணமும் அதற்குரிய ஆயத்தமும்

சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காத விமானம் ஐந்தரை முதல் ஆறு மணி நேரத்தில் இத்தூரத்தைக் கடந்துவிடுகிறது. இரவு உணவுக்குப் பின் புறப்படும் ஹாஜி, பொழுது விடியுமுன் அரபு மண்ணில் கால் வைக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், இது பெரும் அருட்கொடையே.

நம் முன்னோரின் பயணம் இவ்வாறு இருக்கவில்லை. ஊரில் அனைவரிடமும் பிழை பொறுக்கக் கேட்டு, இரயிலேறிப் பம்பாய் சென்று, முஸாஃபர்கானாவில் தங்கிக் கப்பலேறினர். அங்கிருந்து ஜித்தாவுக்குக் கடல்வழி சுமார் 2,300 கடல் மைல்; கடக்க ஒரு வாரத்திற்கும் மேலாகும். அக்கப்பற்பயணம் 1995இல் நின்றது. அதில் துன்பங்கள் பல இருந்தன. ஆயினும் ஒரு நன்மையும் இருந்தது. கப்பலின் மேல்தளமே மத்ரஸாவாயிற்று. அறியாதவர் அறிந்தவரிடம் தல்பியாவும் தவாஃபின் முறைகளும் கற்றுக்கொண்டனர். செங்கடலில் யலம்லமுக்கு நேரே கப்பல் வரும்போது, அனைவரும் குளித்து இஹ்ராம் அணிந்து ஆயத்தமாயிருந்தனர்.

விமானம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அரபிக்கடலைத் தாண்டி, ஓமானின் கரை தொட்டு, ருப்உல் காலி பாலைவனத்தின்மேல் அது மேற்கே விரைகிறது. ஜித்தாவில் இறங்குமுன்பே மீக்காத் எல்லை கடந்துவிடுகிறது. நிமிடத்திற்குப் பல கிலோமீட்டர் செல்லும் ஊர்தியில், எல்லை வந்ததும் உடை மாற்ற நேரமேது?

ஹஜ் விளக்க வகுப்பொன்றில் பெரியவர் ஒருவர், “ஹஜரத், இஹ்ராம் துணியைப் பெட்டியில் வைத்துவிட்டு ஜித்தாவில் இறங்கிக் கட்டிக்கொள்ளலாமா?” என்று கேட்டார். நேராக மக்கா செல்பவருக்கு அது பொருந்தாது. இஹ்ராமின்றி மீக்காத்தைக் கடந்தால் பரிகாரம் கடமையாகும் என்பது பெரும்பாலான உலமாக்களின் தீர்ப்பு. ஆகவே, ஆண்கள் இல்லத்திலோ விமான நிலையத்திலோ துணியை அணிந்துகொள்வதே முறை. மீக்காத் அறிவிப்பு வரும்போது நிய்யத் செய்யலாம். உறங்கிவிடுவோம் என அஞ்சுபவர் முன்னதாகவே செய்துகொள்ளலாம். முதலில் மதீனா செல்வோருக்கு, அங்கிருந்து மக்கா புறப்படுகையில் துல்ஹுலைஃபாவே மீக்காத்.

ரமளானில் உம்ரா செல்வோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். சவூதி நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி பின்தங்கியது. மாலை நான்கு மணிக்குப் புறப்படும் நோன்பாளி சூரியனைத் தொடர்ந்து மேற்கே செல்வதால், அவருடைய பகல் நீள்கிறது. கைக்கடிகாரம் சென்னையின் நோன்பு திறக்கும் நேரத்தைக் காட்டும். சாளரத்திற்கு வெளியே சூரியன் நிற்கும். அவர் இருக்கும் இடத்தில் கதிரவன் மறைந்த பின்னரே நோன்பு திறக்க வேண்டும்.

ஜித்தா ஹஜ் முனையத்தின் வெண்ணிறக் கூடாரக் கூரைகளின் கீழ் பொறுமைக்கும் வேலை உண்டு. கடவுச்சீட்டுச் சோதனை, பெட்டிகள், பேருந்து என்று காத்திருந்து, மக்காவுக்கான எஞ்சிய தூரத்தை முடிக்கப் பல மணி நேரம் ஆவதுண்டு. அந்நேரத்தைத் தல்பியாவால் நிரப்புவோர் பேறு பெற்றோர்.

கப்பல் கடலில் தந்த அவகாசத்தை இனி நாம் இல்லத்திலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, இஷாவுக்குப் பின் குடும்பத்தோடு அமர்ந்து ஹஜ்ஜின் சட்டங்களைப் படியுங்கள். கடனைத் தீர்த்து, மனத்தாங்கல் உள்ளவர்களைத் தேடிச் சென்று ஸலாம் கூறுங்கள். விமானம் உடலை ஆறு மணி நேரத்தில் சேர்த்துவிடும். உள்ளம் அதற்கு முன்பே புறப்பட்டிருக்க வேண்டும். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்நற்பேற்றை நல்குவானாக! ஆமீன்.