பக்கத்து சீட்டு இருமல்

2013-ல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பி.காம். படித்துவிட்டு ஆவடியில் குடியிருந்தால் வேறெங்கே போவது? காலையில் லோக்கல் ட்ரெயினில் ஒற்றைக்காலில் தவம், மாலையில் இன்னொரு காலில்.

பக்கத்து சீட்டில் பூந்தமல்லியிலிருந்து வரும் ஒரு அண்ணன். நல்ல மனுஷர். அவர் வீட்டு வத்தக்குழம்புக்காகவே நான் டிபன் பாக்ஸைக் கொஞ்சம் காலியாக எடுத்துப் போவேன். அவருக்கு முந்தின வருஷம் டி.பி. வந்து குணமாகியிருந்தது. ஆனாலும் தூசிக்கு அவ்வப்போது இருமுவார்.

அந்த வருஷக் கடைசியில் எனக்கும் இருமல். மூன்று வாரம் சிரப் குடித்தேன். எடை குறைந்தபோது, "ஸ்லிம் ஆயிட்டே மச்சி" என்றார்கள், சந்தோஷப்பட்டேன். சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். பாசிட்டிவ்!

வாரத்துக்கு மூன்று நாள் மாத்திரை, ஆறு மாசம். ஆரஞ்சு நிறத்தில் சிறுநீர் போனதைப் பார்த்து முதல் நாள் அலறிவிட்டேன். அதைவிட முக்கியமாக நான் செய்த காரியம், தீர்ப்பு எழுதியது. "அவர்தான் குடுத்தாரு" என்று டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள்.

அண்ணன் ஒருநாள் பையிலிருந்து எதையோ எடுத்தார். "தம்பி, நான் கோர்ஸ் முழுசா முடிச்சிட்டேன்பா. கடைசி டெஸ்ட்டும் நெகட்டிவ். கார்டு இருக்கு, பாக்கிறியா?"

நான் பார்க்கவில்லை. தினமும் வவுச்சர் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவன், அந்த ஒரு வவுச்சரைப் பார்க்க மறுத்தேன். அவர் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார். மூன்று மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

சமீபத்தில் ஒரு கட்டுரைக்காக டி.பி. பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். கிருமிக்கும் கைரேகை உண்டாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வந்ததா என்று தெரிய, இரண்டு பேரின் கிருமியையும் வளர்த்து, டி.என்.ஏ.வை ஒப்பிட வேண்டும்.

1993-ல் உலகம் பூராவுக்கும் பொதுவாக ஒரு முறையை வகுத்தார்கள். ஐ.எஸ்.6110 என்றொரு டி.என்.ஏ. துண்டு, கிருமிக்குள் எத்தனை இடத்தில், எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பது. வெளிநாட்டுக் கிருமிகள் பலவற்றில் அது பத்து, பன்னிரண்டு இடங்களில் இருந்தது. நம்ம தென்னிந்தியக் கிருமிகள் பலவற்றில் ஒன்றே ஒன்று. சிலவற்றில் அதுவும் இல்லை! பான் கார்டே எடுக்காத ஆசாமியை இன்கம்டாக்ஸ்காரர்கள் தேடுகிற கதைதான். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், இதை 90-களிலேயே கண்டுபிடித்தது.

அப்புறம் 1997-ல் ஸ்பாலிகோடைப்பிங் என்ற முறை வெளியானது. கிருமிக்கு 43 கட்டம் போட்ட ஒரு ஜாதகம். குறிப்பிட்ட துண்டு இருந்தால் கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்து நோயாளிகளின் கிருமிகளுக்கும் ஜாதகம் கணித்தார்கள். அதிகம் அகப்பட்டது 'கிழக்கு ஆப்பிரிக்க - இந்திய' வம்சம்.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஊரில் பாதிப் பேருக்கு ஒரே வம்சத்துக் கிருமி என்றால், ஜாதகம் பொருந்தினாலும் அது சாட்சியாகாது. வெறும் சந்தேகம்தான். பொருந்தாவிட்டாலோ, பூரண விடுதலை! இப்போது கிருமியின் சுமார் 44 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகளையும் படித்து ஒப்பிடுகிறார்கள். ஒரு சில எழுத்துகள் மட்டும் மாறியிருந்தால்தான் சமீபத்தில் தொற்றியது என்று சந்தேகிக்கலாம்.

என் கிருமிக்கு யாரும் ரேகை எடுக்கவில்லை. அண்ணனுடையதற்கும்தான். இந்த நோய் காற்றில் வருவது, டிபன் பாக்ஸில் அல்ல. உள்ளே புகுந்த கிருமி வருஷக்கணக்கில் தூங்கிவிட்டும் எழுந்திருக்கும். எனக்குக் கொடுத்தவர் ஆவடி லோக்கலில் என் தோளில் சாய்ந்து தூங்கியவராக இருக்கலாம். பள்ளிக்கூட பெஞ்சில் பக்கத்தில் இருந்தவனாக இருக்கலாம். ஆராய்ச்சிக்காரர்களே இரண்டு ரேகை இல்லாமல் வாய் திறப்பதில்லை. நான் ஒரு டீயில் கேஸை முடித்துவிட்டேன்.

போன வாரம் பழைய டைரியில் நம்பர் தேடி போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க நாலு வரி எழுதியே வைத்திருந்தேன். பேரைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அதே குரல்:

"நல்லா இருக்கியா தம்பி? மாத்திரையை நடுவுல நிறுத்தாம முழுசா போட்டியா?"

எழுதி வைத்த நாலு வரியில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை.