குடியும் குடித்தனமும்

தமிழிலே 'குடி' என்னும் சொல் இரு பொருளைத் தாங்கி நிற்கின்றது. மதுவருந்துதலும் குடி, ஒரு கூரையின் கீழ் வாழும் குடும்பமும் குடி. இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தனவா என்பது மொழியியலாருக்குரிய வினா. ஆயின் முதலாவது குடி இரண்டாவதன் நடுவீட்டிலேயே நிகழ்கின்றது என்பதை அறிவதற்கு மொழியியல் வேண்டியதில்லை. அவ்வாறிருந்தும் மதுவைக் கடிந்தோர் பெரும்பாலும் குடிப்பவனை மட்டுமே நோக்கிப் பேசினர். வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்திலே பெற்ற தாயின் முகத்தை நினைவூட்டுகின்றார். ஊராரின் நகைப்பைச் சொல்கின்றார். நாணத்தையே ஒரு நல்ல பெண்ணாக உருவகித்து, அவள் புறங்காட்டிச் செல்வதாகக் கூறுகின்றார். அந்தப் பத்துக் குறள்களிலும் மனைவி வரவில்லை.

வைத்தியத்துறையும் நெடுங்காலம் அவளை வாயிலுக்கு வெளியிலேயே நிறுத்தியது. இன்று கணவனும் மனைவியும் தம் வீட்டு மேசையில் கணினித் திரையின் முன் அருகருகே அமர்ந்து, தொலைவிலுள்ள உளவளத்துணையாளரிடம் இருவருமாகச் சிகிச்சை பெறுகின்ற நிலை தோன்றியிருக்கின்றது. வாயிலில் நின்றவள் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்த வரலாறு சிறிது நோக்கத்தக்கது.

நியூயோர்க்கைச் சேர்ந்த பில் வில்சனும் லோயிஸும் 1918ஆம் ஆண்டு மணம் புரிந்தனர். பங்குச் சந்தையிலே பெயர் பெறத் தொடங்கிய பில், குடியினால் யாவற்றையும் இழந்தார். மேசீஸ் என்னும் பெரிய அங்காடியில் வேலை பார்த்து லோயிஸ் குடும்பத்தைத் தாங்கினார். கணவரைத் திருத்துவதே அவருடைய வாழ்வின் தொழிலாகிவிட்டது. 1934ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நியூயோர்க்கிலுள்ள ரவுன்ஸ் வைத்தியசாலையில் இறுதியாக அனுமதிக்கப்பட்ட பில், அதன்பின் மதுவைத் தொடவில்லை. அடுத்த ஆண்டு டொக்டர் பொப் சிமித் என்பவருடன் சேர்ந்து அவர் தொடக்கிய இயக்கமே 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' என உலகெங்கும் அறியப்படுவது.

கதை இவ்விடத்தில் இன்பமாக முடிந்திருக்க வேண்டும். ஆயின் குடி நின்ற பின்னரே லோயிஸ் ஒருநாள் கணவர்மீது சப்பாத்தை வீசினார். கூட்டத்திற்கு நேரமாகிவிட்டது, விரைவாகப் புறப்படு என்று பில் சொன்னதுதான் காரணம். அந்தக் கோபத்தின் பொருளைப் பின்னர் அவரே ஆராய்ந்து, தமது நினைவு நூலில் எழுதியிருக்கின்றார். பல ஆண்டுகள் அன்பினாலும் அழுகையினாலும் தாம் செய்ய முயன்று தோற்றதை, நேற்று வந்த நண்பர்கள் செய்து முடித்துவிட்டார்கள். குடி போனதோடு அவருடைய பணியும் போய்விட்டது. காவலாளிக்குக் கைதியும் இல்லை, சிறையும் இல்லை. நோய் ஒருவரை விட்டு நீங்கிய பின்னும் அந்த நோயைச் சுற்றி அமைந்த வாழ்க்கை மற்றவரிடம் எஞ்சிநிற்கும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமோ?

1939இல் அவ்வியக்கத்தின் நூல் வெளிவந்தது. மனைவியருக்கென அதில் ஓர் அத்தியாயம் உண்டு. மனைவியர் பேசுவது போலவே அது எழுதப்பட்டிருக்கின்றது. எழுதியவர் பில்! தாமே எழுதலாம் என எண்ணியிருந்த லோயிஸுக்கு அது ஆறாத வருத்தமாயிற்று. கணவர்மாரைக் கூட்டத்திற்கு அழைத்துவந்து, வெளியே மோட்டார் வண்டிகளிற் காத்திருந்த பெண்களை அவர் உள்ளே அழைத்துப் பேசத் தொடங்கினார் என்பது வழங்கிவரும் செய்தி. அவ்வாறு ஆங்காங்கே தோன்றிய குழுக்கள் 1951இல் 'அல்-அனொன்' என்னும் தனி அமைப்பாக ஒன்றுசேர்ந்தன. கணவனுக்கு ஓர் அறை, மனைவிக்கு இன்னோர் அறை என்றாயிற்று.

அக்காலத்து அறிஞருலகம் அந்த இரண்டாம் அறையை எவ்வாறு நோக்கியது என்பதையும் சொல்லவேண்டும். குடிகாரரின் மனைவியர் ஒருவகை மனக்கோளாறு உடையவர்கள், கணவர் குடிப்பதை அவர்களது உள்மனம் விரும்புகின்றது என்ற கருத்து அன்று செல்வாக்குப் பெற்றிருந்தது. 1953இல் வெளியான ஒரு கட்டுரை அவர்களை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் பரிகாசமான பட்டப் பெயரும் சூட்டியது. அடுத்த ஆண்டே ஜோன் ஜாக்சன் என்னும் சமூகவியலாளர் இதற்கு விடையளித்தார். சியாற்றில் நகரிலே அத்தகைய மனைவியரின் கூட்டங்களில் அமர்ந்து செவிமடுத்த அவர், அவர்களிடம் காணப்படும் ஏசுதல், மறைத்தல், கட்டுப்படுத்துதல் ஆகியன பிறவிக் கோணல்கள் அல்ல, நெருக்கடிக்குள் அகப்பட்ட குடும்பம் படிப்படியாக மேற்கொள்ளும் தற்காப்புகளே எனக் காட்டினார். வெள்ளத்தில் நிற்பவரின் நனைந்த உடையைக் கண்டு, வெள்ளத்தை இவரே வரவழைத்தார் என்று சொல்வது போன்றதுதான் முன்னையோர் வாதம்.

இரண்டு அறைகளையும் ஒன்றாக்க முயன்றோருள் குறிப்பிடத்தக்கவர் மசச்சூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த திமோதி ஒஃபாரல். அவரும் அவர்தம் கூட்டாளிகளும் வளர்த்தெடுத்த தம்பதியர் சிகிச்சையின் நடுநாயகமாக விளங்குவது மிக எளிய ஓர் அன்றாட நிகழ்ச்சி. ஒவ்வொரு நாளும் குறித்த நேரத்தில் இருவரும் அமர்கின்றனர். கடந்த ஒரு நாள் குடிக்கவில்லை, வரும் ஒரு நாளும் குடிக்க எண்ணவில்லை என்று ஒருவர் சொல்கின்றார். மற்றவர் அதற்கு நன்றி சொல்கின்றார். மதுவை வெறுக்கச் செய்யும் டைசல்பிராம் போன்ற மருந்து உண்டெனின் அதுவும் அப்பொழுதே உட்கொள்ளப்படும். நாட்காட்டியில் ஓர் அடையாளம் இடப்படும். அவ்வளவே. பழைய குற்றங்களையும் நாளைய அச்சங்களையும் அவ்வேளையிற் பேசலாகாது. அவற்றைச் சிகிச்சையாளர் முன்னிலையில் மட்டுமே பேசலாம்.

மேலெழுந்தவாரியாக நோக்குவோருக்கு இது மனைவியிடம் மேலும் ஒரு காவற் பொறுப்பை ஒப்படைப்பதாகத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. சட்டைப் பையைத் துழாவுதல், வாயை மோந்து பார்த்தல், படியேறும் காலடியைக் கணக்கிடுதல் என்று நாள் முழுவதும் நடந்த காவலை இது சில நிமிடங்களுக்குள் அடக்கிவிடுகின்றது. அந்த நிமிடங்களிலும் அவள் காவலாளியல்லள், சாட்சி. காவலாளி தேடுகின்றாள், சாட்சி சொல்லப்படுவதைக் கேட்கின்றாள். பன்னிரண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்றிலே கருதத்தக்க ஒரு செய்தி உண்டு. சிகிச்சை முடிந்த வேளையில் இம்முறையின் மேம்பாடு தம்பதியரின் உறவில் மட்டுமே புலப்பட்டது. குடி குறைவதில் உள்ள மேம்பாடு பிற்காலத்திலேயே வெளிப்பட்டது. உறவு முதலில் தேறியது, குடி அதன் பின்னே சென்றது.

குடிப்பவர் எப்பொழுதும் கணவரே என்றில்லை. இருவருமே அடிமைப்பட்டிருப்பின் நிலைமை வேறு. மேற்கூறிய ஒழுங்கு தெளிந்த புத்தியுடைய ஒரு சாட்சியை வேண்டுவது; இருவரும் மயங்கியிருக்கும் வீட்டிலே சாட்சி இல்லை. தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்கள் பல தம்பதியரை ஒருங்கே ஏற்பதில்லை. ஒருவர் வெளியேறினால் மற்றவரும் உடன் செல்வர் என்பது அவற்றின் அச்சம். ஆதாரமற்ற அச்சமன்று. ஆயினும் துணையைப் பிரியமாட்டேன் என்பதற்காகவே சிகிச்சையை மறுப்போரும் உளர். அவர்களுக்கு மூடிய கதவு எவ்வகையில் உதவும்?

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று கதவுகள் யாவற்றையும் மூடியது. அதுவரை அமெரிக்காவில், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அபினி வகைப் போதைக்கு வழங்கப்படும் புப்பிரனோர்பின் போன்ற மருந்துகளை இணையவழி எழுதிக்கொடுக்க முன்னர் நேரிற் பரிசோதித்தல் பொதுவாக அவசியமாக இருந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. தொலைபேசி வழியாகவும் சிகிச்சையைத் தொடங்க அனுமதி கிடைத்தது. கூட்டங்கள் சூம் திரைக்கு மாறின. சிகிச்சை வீட்டுக்குள்ளேயே வந்தது.

வந்ததனால் விளைந்த நன்மைகளைக் குறைத்துக் கூறலாகாது. தொழிலின் பொருட்டு வேறுவேறு ஊர்களில் வாழும் தம்பதியர் ஒரே திரையில் சந்திக்கலாம். வைத்தியசாலை வாயிலில் எவர் கண்ணிலேனும் பட்டுவிடுவோமோ என்ற கூச்சம் இல்லை. நல்லுடை அணிந்து வரும் தம்பதியரிடம் காணக் கிடைக்காதவற்றைத் திரை காட்டுகின்றது: நாற்காலிகளுக்கிடையே உள்ள தூரம், குரல் உயர்ந்தவுடன் குறுக்கே ஓடி மறையும் குழந்தை. ஆயின் திரைக்கு மணம் தெரியாது. அதன் பொருட்டு, ஊதுபவரின் முகத்தைப் படமெடுத்துக்கொண்டே மூச்சை அளந்து, பெறுபேற்றைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் சிறு கருவிகள் வந்துள்ளன. அந்தப் பெறுபேறு எவருடைய தொலைபேசிக்குச் செல்கின்றது என்பது சிறிய வினாவன்று. சிகிச்சையாளருக்குச் சென்றால் அது சோதனை. மணிக்கொருமுறை மனைவியின் கைக்குச் சென்றால், அரும்பாடுபட்டுச் சாட்சியாக்கப்பட்டவள் மீண்டும் காவலாளியாகின்றாள். முன்பு சட்டைப் பையைத் துழாவிய கை இப்பொழுது தொலைபேசியைத் துழாவும், வேறுபாடு அவ்வளவே.

இதனிலும் கொடியது, திரைக்குப் புலனாகாத அச்சம். படப்பெட்டி இரண்டு முகங்களைக் காட்டும். மேசையின் கீழ் ஒருவர் மற்றவரின் மணிக்கட்டைப் பற்றியிருப்பதைக் காட்டாது. கடுமையான வன்முறை நிலவும் வீடுகளுக்கு இணைந்த சிகிச்சை பொருந்தாது என்பது தொடக்கம் முதலே வகுக்கப்பட்ட விதி. வைத்தியசாலையில் ஒருவரை வெளியே அமர்த்தி மற்றவரிடம் தனியே வினவலாம். வீட்டிலே அடுத்த அறையின் சுவர் கேட்கும். எனவே தேர்ந்த சிகிச்சையாளர் இருவரையும் வேறுவேறு நேரங்களிலே தனித்தனியாகச் சந்திக்கின்றார். தனிமை உறுதியில்லாதபோது ஆம், இல்லை என்னும் விடைகளே போதுமான வினாக்களைத் தொடுக்கின்றார். ஆபத்தென்றால் சொல்வதற்குச் சாதாரணமான ஒரு சொல்லை முன்னரே பேசி வைக்கின்றார். இருக்கும் இடத்தின் முகவரியையும் கேட்டு வைக்கின்றார்.

அந்தத் தனிச் சந்திப்புக்கு வீட்டில் இடமில்லாத பெண்கள், வாசலிலோ கடைத்தெருவிலோ மோட்டார் வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை உயர்த்திவிட்டு, உள்ளே அமர்ந்தபடி தொலைபேசியில் பேசுகின்றனர்.