வுட்வர்ட் வீதியிற் பழங்கார்கள்

ஐக்கிய அமெரிக்காவின் மிசிகன் மாநிலத்திலே, டெற்றோயிற் ஆற்றங்கரை அருகே தொடங்கி வடமேற்கே பொண்டியாக் நகர்வரை 20 மைலுக்கு மேல் நீண்டு செல்வது வுட்வர்ட் பெருவீதி. மோட்டார்க் காரின் வரலாற்றை ஒரே வீதியிற் படிக்க விரும்புவோர் இதனை நாடல் வேண்டும். 1909ஆம் ஆண்டிலேயே இதன் ஒரு மைல் தூரம் கொங்கிறீற்றினாற் பாவப்பெற்றது. இவ்வீதியோரத்தில் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலைக் கட்டிடங்களைக் காண்போம். ஹென்றி போர்ட் 1913இல் நகரும் வரிசையிற் கார்களைப் பொருத்தும் முறையை இங்கேதான் அமைத்தார். ஒரு காரைப் பொருத்த 12 மணித்தியாலத்துக்கு மேற் சென்ற நிலை மாறி, அடுத்த ஆண்டில் 93 நிமிடமே போதியதாயிற்று.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்து மூன்றாம் சனிக்கிழமை இவ்வீதி பழங்கார்களின் விழாக்களமாகின்றது. பேர்ண்டேல் நகரிற் சிறுவருக்கு உதைபந்தாட்டத் திடல் அமைக்கப் பணந்திரட்டும் பொருட்டு 1995இல் தொடங்கிய விழா அது. மக்கள் குடும்பம் குடும்பமாக நாற்காலியிட்டு அமர்ந்திருக்க, கார்கள் உறுமிக்கொண்டு ஊர்ந்து செல்கின்றன. அவற்றுள் யாவர் கண்ணையும் ஈர்ப்பவை 'மசில் கார்' எனப்படுபவை. நடுத்தர அளவான உடலில் மிகப் பெரிய இயந்திரத்தைப் பொருத்தி, இளைஞர் வாங்கத்தக்க விலைக்கு விற்கப்பெற்றவை இவை.

இவ்வகைக்கு வழிகாட்டியது பொண்டியாக் ஜி.ரி.ஓ. எனலாம். நடுத்தரக் கார்களுக்குப் பெரிய இயந்திரம் ஆகாதென ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் விதித்திருந்தது. பொண்டியாக் பிரிவினர் அவ்விதியைச் சாதுரியமாகக் கடந்தனர். 389 கன அங்குல இயந்திரத்தைத் தனிக் காராக அறிவியாது, லெமான்ஸ் காருக்குரிய மேலதிகத் தெரிவாக 1964இல் விற்றனர். அதன் ஆற்றல் 325 பரிவலு. மூன்று காபுரேற்றர் பூட்டியது 348 பரிவலு. அவ்வாண்டு மாதிரியில் மட்டும் 32,450 கார்கள் வெளிவந்தன.

அன்றைய சாதுரியம் இன்றைய சிக்கலாயிற்று. 1964, 1965ஆம் ஆண்டு ஜி.ரி.ஓ. கார்களின் தொடரிலக்கம் அவற்றை லெமான்ஸிலிருந்து பிரித்துக் காட்டுவதில்லை. 1966இலேயே தனி இலக்கம் வந்தது. ஆதலின் சாதாரணக் காரிற் சில இலச்சினைகளைப் பூட்டி அரிய காரென விற்பாரும் உளர். ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு பொய்க்கு விலையாகிவிடும். அறிந்தோர் பளபளப்பில் மயங்குவதில்லை. தொழிற்சாலைப் பதிவேட்டின் பிரதியைக் கேட்கின்றனர். இயந்திரம் வார்க்கப்பெற்ற தேதியையும் கார் உருவான தேதியையும் ஒப்புநோக்குகின்றனர். காருக்குப் பின் பிறந்த இயந்திரம் அக்காரோடு பிறந்ததாகாதன்றோ?

அணியில் உடன்வரும் போர்ட் மஸ்டாங் கார்களிலும் இத்தகைய நுட்பம் உண்டு. 1964 ஏப்ரல் 17ஆந் தேதி அறிமுகமான அக்காரின் முதற் கார்களை '1964½' என அன்பர் வழங்குவர்; நிறுவனமோ அனைத்தையும் 1965ஆம் ஆண்டினவாகவே பதிந்தது. முதற் சில மாதக் கார்களில் டைனமோ இருந்தது. பின்னையவற்றில் ஆல்டர்நேற்றர் வந்தது. இவ்வொன்றை அறியாது புதுப்பித்தவர் இரு காலங்களை ஒரு காரிற் கலந்துவிடுவர்.

இவர்களிடம் நாம் பெரிதும் வியந்தது மற்றொன்று. தொழிற்சாலையிற் செய்ததினும் அழகாகச் செய்தலையும் இவர்களுட் கண்டிப்பானோர் பிழையென்பர். வர்ணம் தெளிக்கையிற் சிதறிய இடங்களையும், தொழிலாளர் சோக்கட்டியால் இட்ட பரிசோதனைக் குறிகளையும் பழம் புகைப்படங்களிலும் தீண்டப்படாத கார்களிலும் தேடி, இருந்தவாறே இடுகின்றனர். இது வீண் பிடிவாதமோ? அன்று. விரைந்தோடும் வரிசையில் நின்று உழைத்த பெயரறியாத் தொழிலாளியின் கைத்தடம் அது. 2010இற் பொண்டியாக் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று. அத்தடத்தையும் அழகின் பெயரால் அழித்துவிட்டால், அவர் உழைத்தமைக்குக் காரிற் சான்று ஏது?

வரலாறு பயிலும் மாணவர்க்கு இங்கே நல்லதொரு பாடம் உண்டு. பொய் கூறுதல் மட்டுமன்று, உண்மையை அழகுபடுத்தலும் வரலாற்றைக் கெடுக்கும். பழமையைப் போற்றுவோர் அதனை உள்ளவாறே போற்றுதல் வேண்டும்.